சோயுஸா, டிராகனா: நம்மவர் மறுபடி போனால் எதில் போகலாம்?

மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுகோர் 2007 அக்டோபர் 10-ஆம் தேதி ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் புறப்பட்டார். அந்த வாய்ப்பு நம் நாட்டுக்கு மறுபடி வந்தால் எதில் அனுப்புவது? கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்துக்கு வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், அமெரிக்க நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் குரூ டிராகன் கலம் என்று யோசிக்காமல் சொல்கிறார்கள். என்னால் அவ்வளவு வேகமாகச் சொல்ல முடியவில்லை.

வசதியைப் பார்த்தால் போட்டியே இல்லை. சோயுஸின் இறங்கு பகுதியில் மூன்று பேர் முழங்காலை மடக்கித் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். டிராகனில் நான்கு பேர் காலை நீட்டி அமரலாம். கலத்தைப் புதுப்பித்து மீண்டும் ஏவலாம்; சோயுஸ் ஒரே பயணத்தோடு சரி.

ஆய்வு வேலைக்கும் டிராகன்தான் தோது. ஷேக் முஸாபார் புற்றுநோய் உயிரணுக்களையும் புரதப் படிகங்களையும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆராய்ந்தார். இத்தகைய மாதிரிகள் பத்திரமாகப் பூமிக்கு வந்தால்தான் உழைப்புக்குப் பலன். ஆட்களோடு இறங்கும் சோயுஸில் சில பத்து கிலோவுக்குத்தான் இடமுண்டு. ஆளில்லாத சரக்கு டிராகனோ டன் கணக்கில் கொண்டுவருகிறது.

ஆனால் வீடு திரும்பும் வழி என்று வரும்போது சோயுஸை அசைக்க முடியாது. 2007 அக்டோபர் 21 அன்று நம் வீரரை ஏற்றிவந்த கலம் வழக்கமான சாய்வுப் பாதையைத் தவறவிட்டது. அப்படி நேர்ந்தால் அது தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு, எறிந்த கல்லைப் போல் வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கும். உள்ளே இருப்பவரின் எடை எட்டு மடங்கு அளவுக்குக் கூடிவிடும். குறித்த இடத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி அது கசகஸ்தான் புல்வெளியில் விழுந்தது, மூவரும் நலம். 2018 அக்டோபரில் ராக்கெட்டே நடுவழியில் பழுதானபோதும் இருவரை உயிரோடு தரைசேர்த்தது. 1971-இல் காற்றழுத்தம் இழந்து மூவர் மாண்ட துயரத்துக்குப் பின் சோயுஸில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. டிராகன் மனிதரை ஏற்றத் தொடங்கியதே 2020 மே மாதத்தில்தான். இதுவரை குறையில்லை என்றாலும், அரை நூற்றாண்டுச் சோதனையை அது இன்னும் கடக்கவில்லை.

நிலையத்தோடு இணைந்து நிற்கும் கலம் அங்கே வாழ்பவர்களுக்கு உயிர்காக்கும் படகும் ஆகும். 2022 டிசம்பரில் ஒரு சோயுஸின் குளிர்விக்கும் திரவம் முழுவதும் கசிந்தது. அதில் வந்திருந்த அமெரிக்க வீரர் ஃபிராங்க் ரூபியோவின் உடலுக்கேற்ப வார்த்த இருக்கை விரிப்பை, அவசரத்துக்கு உதவட்டும் என்று டிராகனுக்குள் மாற்றி வைத்தார்கள். போயிங்கின் ஸ்டார்லைனர் 2024-இல் உந்துபொறிக் கோளாறால் ஆளில்லாமல் திரும்பியது. அதில் போன இருவர் 2025 மார்ச்சில் டிராகனில் வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே நம்மவரை டிராகனில் அனுப்பலாம் என்பதே என் முடிவு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: அவர் தங்கும் நாள் முழுவதும் வேறு வகைக் கலம் ஒன்றும் அங்கே இணைந்திருக்க வேண்டும். அரசியலில் முட்டிக்கொள்ளும் அமெரிக்காவும் ரஷ்யாவும் இதை உணர்ந்திருக்கின்றன. ஏதாவது ஒரு கலம் பறக்க முடியாமல் போனாலும் நிலையத்தின் அமெரிக்க, ரஷ்யப் பகுதிகள் இரண்டையும் இயக்க ஆள் இருக்க வேண்டும் என்றுதான், 2022 முதல் சோயுஸில் அமெரிக்கரும் டிராகனில் ரஷ்யரும் போய்வருகிறார்கள்.