1984-இல் உழவர் ஆட்சி: சாயானொவின் குறுநாவல்

அரசே வேண்டாம் என்ற ரஷ்ய அராஜகவாதிகளின் கனவு நாட்டைத் தேடி இதை எடுப்பவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை: அலெக்சாந்தர் சாயானொவ் அராஜகவாதி அல்ல, வேளாண் பொருளியலாளர். ஆனாலும் அராஜகவாதச் சிந்தனையாளர் குரோபோட்கின் வலியுறுத்திய, ஊரும் வயலும் பிரியாத வாழ்வைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது ‘என் சகோதரன் அலெக்சேயின் உழவர் கனவுநாட்டுப் பயணம்’. இவான் கிரெம்ன்யோவ் என்ற புனைபெயரில் 1920-இல் வந்தது.

1921-இல் மாஸ்கோவில் கண்ணயர்ந்தவன் 1984-இல் விழிக்கிறான். இடையில், 1934-இல், 20,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களைக் கலைத்துவிட ஆணை பிறந்திருக்கிறது. மாஸ்கோவில் எஞ்சியவர்கள் ஒரு லட்சம் பேர். விடுதி இடமோ 40 லட்சம் பேருக்கு! நகரம் குடியிருக்க அல்ல, வந்து கூடிக் கலைய. சிதறி வாழ்ந்தால் தனிமை வருமே என்ற கேள்விக்கு இதைவிட நடைமுறையான பதிலைக் கனவுநாட்டு நாவல்களில் பார்ப்பது அரிது.

வயலுக்கு வருவோம். குடும்பத்துக்கு 3, 4 தெஸ்யாதினா, அதாவது சுமார் 8 முதல் 11 ஏக்கர். விளைச்சல் தெஸ்யாதினாவுக்கு 500 பூடுக்கு மேல் (பூடு பழைய ரஷ்ய எடை, சுமார் 16 கிலோ). ஏக்கருக்கு மூன்று டன். அன்றைய ரஷ்யச் சராசரியைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே பேணுவதுபோன்ற கைப்பாடுதான் காரணம் என்கிறார். கைப்பாடு சரி, மழை? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. வானிலையை ஆளும் காந்த நிலையங்களை, ‘மெட்டியோரோஃபோர்’களை, நாடெங்கும் நட்டுவிடுகிறார். எந்த வயலுக்கு எப்போது மழை என்று யார் முடிவெடுப்பது? அரசு கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கிறது என்று அந்நாட்டுப் பாத்திரமான மினின் எவ்வளவு விளக்கினாலும், விசை அதன் கையில்தான். குரோபோட்கின் பாரிஸைச் சுற்றிய காய்கறித் தோட்டங்களைக் காட்டி வாதாடியபோது இப்படியொரு பொறி தேவைப்படவில்லை.

கதையாக இது மெலிவு. பாத்திரங்கள் பேசுவதைவிடப் பாடம் நடத்துவதே அதிகம். ஓர்லோவ்ஸ்கி என்ற பெயரில் போல்ஷெவிக் வரோவ்ஸ்கி எழுதிய முன்னுரை நூலையே கண்டிக்கிறது. அதைக் கடைசியில் படியுங்கள். கதை முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறது, இரண்டாவது வரவேயில்லை. அந்தப் பாகம் முடியும் முன்பே ஜெர்மானியப் படை எல்லை தாண்டுகிறது. அதை அடித்துத் துரத்துவது உழவர் படை அல்ல. மழை தந்த அதே நிலையங்கள் கிளப்பிவிடும் சூறாவளி.