சர்வரில் கிரான்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். தரவுத்தளக் காப்பு நகல், பழைய கோப்புகளைக் களைவது, மாதாந்தர அறிக்கை என அன்றாட வேலைகளைப் பல ஆண்டுகளாகக் கிரானிடம்தான் (cron) ஒப்படைத்திருக்கிறேன். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல் அது. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த கருவி இது. டெபியன், ரெட் ஹேட் ஆகிய லினக்ஸ் வகைகளில் இன்று இருப்பவை, பால் விக்ஸி 1987இல் எழுதிய கிரானின் வழிவந்தவை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அது நேரம் தவறி நான் பார்த்ததில்லை. ஆனால் வேலையைத் தொடங்கிவைப்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. வேலை ஒழுங்காக முடிந்ததா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

வேலைகளைக் கிரான்டாப் (crontab) என்ற பட்டியலில் வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்கள், அடுத்து கட்டளை. * என்றால் ‘எதுவானாலும்’. அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஓர் இடத்தில் மட்டும் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘0 9 1 * 1’ என்று எழுதினால், ஒன்றாம் தேதி திங்கட்கிழமையாக வந்தால் மட்டும் ஓடும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் ஓடும், ஒவ்வொரு திங்களும் ஓடும்.

இந்தியாவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு நேர வலயம்தான் பெரிய தலைவலி. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் (UTC) ஓடுகின்றன. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நமது அதிகாலை 2 மணி அங்கே முந்தைய நாள் இரவு 8.30. தினசரி வேலை என்றால் ‘30 20 * * *’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஒன்றாம் தேதி அதிகாலை ஓட வேண்டிய அறிக்கை என்றால் சிக்கல். அந்த நேரத்தில் சர்வரில் இன்னும் போன மாதத்தின் கடைசி நாள்தான். அது 28 முதல் 31 வரை எதுவாகவும் இருக்கலாம். கடைசி நாள் என்று சொல்லக் கிரானில் வழியில்லை. அந்த நான்கு தேதிகளிலும் ஓடவிட்டு, நாளை ஒன்றாம் தேதியா என்று ஸ்கிரிப்டுக்குள் சோதிக்கிறேன். ரெட் ஹேட் வகைகளில் உள்ள குரோனி (cronie) என்ற கிரானில் நேர வலயத்தைக் கிரான்டாப்பிலேயே குறிப்பிடலாம். இந்த வசதி எல்லாக் கிரானிலும் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையால் ஓட்டினால் ஓடுகிற கட்டளை கிரானில் ஓடவில்லை என்ற புகாரை அடிக்கடி கேட்கிறேன். நாம் உள்நுழையும்போது கிடைக்கும் சூழல் மாறிகள், அதாவது நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்புகள், கிரானுக்குக் கிடைப்பதில்லை. நிரல்களைத் தேடும் பாதையும் மிகக் குறுகியது. முழுப் பாதையையும் எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிக்கு % குறியைப் பாருங்கள். காப்பு நகலின் பெயரில் தேதியைச் சேர்க்க எல்லோரும் அதைப் பயன்படுத்துவார்கள். கிரான்டாப்பில் அது புதிய வரியாகிவிடும். கட்டளை அந்த இடத்திலேயே அறுந்துவிடும். முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட வேண்டும்.

வேலை எதையாவது அச்சிட்டால் கிரான் அதை மின்னஞ்சலில் அனுப்பும். மின்னஞ்சல் மென்பொருள் இல்லாத டெபியன் சர்வரில், வெளியீட்டைத் தூக்கி எறிந்துவிட்டதாகப் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடும். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. தினசரிக் காப்பு நகலைத் தேடியபோது சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாத கருவியால் காப்பு நகல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் கிரான் மின்னஞ்சல்களோ, சரியான கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டன. இதை அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். கிரான் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய அறிக்கை அது. நான் மின்னஞ்சலை மட்டும் நம்புவதில்லை. காப்பு நகலின் தேதியையும் அளவையும் வேறொரு சர்வரிலிருந்து சோதிக்கிறேன். அவ்வப்போது ஒரு நகலை எடுத்து மீட்டும் பார்க்கிறேன்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஆறு நிமிடம் எடுத்தால், முந்தையது முடியுமுன்பே கிரான் அடுத்ததைத் தொடங்கிவிடும். ஒன்று ஓடும்போது இன்னொன்றைத் தடுக்கும் எஃப்லாக் (flock) பூட்டு அதற்கு அவசியம். மடிக்கணினிக்குக் கிரானைப் பரிந்துரைக்க மாட்டேன். அணைத்திருந்தபோது தவறிய வேலையை அது பிறகு ஓட்டாது. அங்கே, தவறியதைப் பிறகு ஓட்டக்கூடிய அனாக்ரானோ (anacron) சிஸ்டம்டி டைமரோதான் (systemd timer) பொருத்தம்.

இன்னொன்று: கிரான்டாப் கட்டளையில் பட்டியலைத் திருத்துவதற்கு ‘ஈ’ (-e), மொத்தமாக அழிப்பதற்கு ‘ஆர்’ (-r). விசைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. அழிக்குமுன் பொதுவாகக் கேள்வியும் வராது. அதனால் பட்டியலைத் தனிக் கோப்பாக, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் வைத்திருக்கிறேன். மாற்றமெல்லாம் அதில்தான், சர்வரில் ஏற்றுவதும் அங்கிருந்துதான்.