விசிறி வைத்த வாசனைக் கருவி: எந்த கிளைம் நிற்கும்?

சேலத்துப் பட்டறையில் செய்த கருவி என்று வைத்துக்கொள்வோம்: சின்ன விசிறி, ஏற்காட்டு யூகலிப்டஸ் எண்ணெயில் ஊறிய திண்டு, பெட்டி. காப்புரிமை கிளைமை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகத்தை) இரண்டு விதமாக எழுதலாம்.

அகலமாக, ‘விசிறி, திண்டு, காற்றுத்துளை கொண்ட கருவி’ என்றால் காப்பி அடிப்பவர் தப்ப முடியாது; கிளைமும் தப்பாது. ஒரே பழைய ஆவணத்தில் மூன்றும் இருந்தால் புதுமை போச்சு. தெரிந்த பாகங்களின் வெறும் அடுக்கு என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவும் மறிக்கலாம்.

குறுகலாக எழுதுவதே மேல். விசிறி நின்ற பிறகும் மணம் கசிந்து திண்டு வற்றுவதுதான் இவ்வகைக் கருவியின் நோய். திண்டின் இருபுறமும் மெல்லிய மடல் வைத்து, காற்றழுத்தத்தில் மட்டும் திறந்து, நின்றதும் மூடும்படி செய்தால் அதைக் கோருங்கள் (பழைய ஆவணங்களில் இந்த மடல் இல்லை என்று தேடிப் பார்த்த பிறகு). மடலோடும் இல்லாமலும் திண்டை எடைபோட்ட அட்டவணையை விண்ணப்பத்தின் விவரக்குறிப்பிலேயே சேருங்கள். பிறகு புது விஷயம் நுழைக்க 59ஆம் பிரிவு விடாது. மடலுக்குப் பதில் மோட்டாரால் மூடும் மூடி போட்டவர் நழுவிவிடுவார், அது குறுகலாக எழுதுவதன் விலை.

தாக்கலுக்கு முன்பே ஏற்காடு கோடை விழாவில் கடை போட்டு விற்றால் இரண்டுமே காலி. கண்காட்சி என்று பார்த்தால், 31ஆம் பிரிவின் 12 மாத விலக்கு மத்திய அரசு அரசிதழில் அறிவித்தவற்றுக்குத்தான்.