புற்றுக்காளானும் பச்சை வித்துக் காளானும்: பறிக்கும் முன் பார்க்க வேண்டியவை

மழைக்குப் பிறகு காரைக்குடி, தேவகோட்டைச் செம்மண் காடுகளில் புற்றுக்காளான் தலைகாட்டும். வீட்டுத் தோட்டப் புல்லிலும் மாட்டுக் கொட்டில் ஓரத்திலும் பெரிய வெள்ளைக் குடையாக வருவது பெரும்பாலும் பச்சை வித்துக் காளான். முன்னது குழம்புக்கு அமிர்தம், பின்னது நஞ்சு.

புற்றுக்காளானை இழுத்துப் பறிக்காதீர்கள். முக்கிய அடையாளமே மண்ணுக்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் கம்பியால் தோண்டினால், தண்டு வேர்போல மெலிந்து நீண்டு கரையான் கூடு வரை இறங்குவது தெரியும். குடை நடுவே கூர்மையான முனை இருக்கும். பச்சை வித்துக் காளானுக்கு அந்த வேர் கிடையாது. அடித்தண்டு சற்றுப் பருத்திருக்கும், குடையில் பழுப்புச் செதில், தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம்.

இளசாக இருக்கையில் இரண்டின் செவுள்களும் (குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள்) வெள்ளைதான். ஏமாறுவது இங்கேதான். விரிந்த குடையை அறுத்து, செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க வையுங்கள். மங்கிய பச்சைத் தூள் விழுந்தால் குப்பையில் போடுங்கள். புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. ஆனால் நஞ்சுள்ள வேறு சில காளான்களும் அதே நிறத்தைத் தரும். அதனால் வேரும் தூளும் இரண்டும் பொருந்த வேண்டும். விரியாத மொட்டைத் தொடவே வேண்டாம்.

வெள்ளிக் கரண்டி, மஞ்சள், பூண்டு நிறம் மாறும் சோதனைகள் எதுவும் நஞ்சைக் காட்டாது. வேகவைத்தாலும் நம்ப முடியாது. பச்சை வித்துக் காளானைத் தின்றால் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தி, பேதி. மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.