"சாபம் பட்ட வைகை" அரை நாள் சுற்று: காசு கொடுத்துப் போகலாமா?

ராமேஸ்வரம் வருகிறவர்களிடம் ராமநாதபுரத்து வாடகை வண்டிக்காரர்கள் சிலர், "கடல்ல கலக்காத ஆறு பாக்கணுமா சார்? சாபம் பட்ட ஆறு, அரை நாள்ல முடிச்சிரலாம்" என்று கேட்பார்கள். ராமநாதபுரத்துப் பெரிய கண்மாய் என்ற ஏரியின் கரை, அழகன்குளம், ஆற்றங்கரை என்ற ஊரை ஒட்டிய வைகை முகத்துவாரம், இந்த மூன்றும்தான் சுற்று. போகலாம், தப்பில்லை. மாதம் பார்த்துப் போக வேண்டும். வண்டியில் சொல்லும் கதையைப் பாதிதான் நம்ப வேண்டும்.

முதலில் கதை. வண்டியில் கேட்பது பெரும்பாலும் "சிவன் வைகைக்குச் சாபம் கொடுத்தார், அதனால் கடலைச் சேராது" என்பதுதான். இது தலைகீழ். வைகை கடலைச் சேராததைப் பற்றிப் பழைய வெண்பா ஒன்று உண்டு, அதில் சாபம் என்ற பேச்சே கிடையாது. உமையை இடப்பாகத்தில் வைத்த சிவனுக்கு நஞ்சைக் கொடுத்தது கடல். அப்படிப்பட்ட பாவியின் வாசலை மிதிக்க மாட்டேன் என்று வைகையே விலகி நிற்கிறது. இதுதான் பாட்டின் கருத்து. குற்றவாளிக் கூண்டில் நிற்பது கடல், ஆறு அல்ல. வைகை ஏன் சிவன் பக்கம் நிற்கிறது என்பதற்கு மதுரைக் கதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மீனாட்சி கல்யாணத்தில் சமைத்ததை எல்லாம் தின்று தீர்த்த குண்டோதரனுக்குத் தாகம் அடங்கவில்லை, "வை கை" என்றார் சிவன், கை வைத்த இடத்தில் ஆறு பிறந்தது. பிறப்பித்தவருக்கு விஷம் கொடுத்தவனோடு என்ன உறவு? இரண்டையும் கோத்துச் சொல்லத் தெரிந்த ஓட்டுநர் கிடைத்தால் விடாதீர்கள். மற்றவர்கள் "தண்ணியில்லாக் காடு" என்ற பழைய பேச்சையும் இதில் ஒட்டி, ஜில்லாவுக்கே சாபம் என்று முடித்துவிடுவார்கள்.

சுற்றில் உருப்படியான இடம் பெரிய கண்மாய்தான். ஆனால் அங்கேதான் வண்டி பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது. ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள். ஆறு ஏன் கடலுக்குப் போவதில்லை என்பதற்கான பதில் இந்தக் கரையில்தான் கிடக்கிறது. வருசநாட்டு மலையில் புறப்பட்டு ஏறக்குறைய 258 கிலோமீட்டர் வரும் ஆற்றை வழிநெடுக வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். 1959-இல் வந்த வைகை அணையில் 71 அடி வரை நிறுத்துகிறார்கள். அதற்கு முன்பே, 1895-லிருந்து, பெரியாற்றுத் தண்ணீரும் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது, இருந்தும் பற்றுவதில்லை. மதுரைக்குக் கீழே விரகனூர் மதகு, அப்புறம் பார்த்திபனூர் மதகு, அங்கிருந்து இடமும் வலமும் வாய்க்கால்கள், வாய்க்காலுக்கு வாய்க்கால் கண்மாய்கள். மிச்சம் மீதி வந்து விழுவது இந்தப் பெரிய கண்மாயில். கண்மாய் நிறைந்து மிகைநீர் கலுங்கு வழியாகப் பாய்ந்தால்தான் கடலுக்குப் பங்கு. மழை பொய்த்த வருஷத்தில் கடலுக்கு ஒன்றும் இல்லை. வெண்பாக்காரர் பார்த்ததும் இதைத்தான்; நஞ்சை நடுவில் வைத்தது அவர் சாமர்த்தியம்.

கரையில் நிற்கும்போது மடையையும் கலுங்கையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மடை வயலுக்குத் தண்ணீர் விடும் வாய், கரைக்கு அடியில் இருக்கும். கலுங்கு மிகைநீர் வழியும் கட்டு. பழைய கலுங்குகளின் மேல் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: முழ உயரக் கருங்கற்கள் பல்வரிசை மாதிரி நட்டிருக்கும். மழைக் காலம் முடியும் தறுவாயில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண்ணும் புல்கற்றையும் வைத்து அடைத்தால், இன்னும் கொஞ்சம் தண்ணீர் கண்மாயிலேயே நிற்கும். முன்கூட்டியே அடைத்துவிட்டுப் பின்னால் பெருமழை வந்தால் கரை உடையும். அடைக்காமல் விட்டால் கடைமடைக்காரன் பயிர் காயும். எந்த வாரத்தில் அடைப்பது என்பதில்தான் ஊர்ச் சண்டையே. இதைச் சொல்லும் வண்டிக்காரர் அரிது, கரையில் ஆடு மேய்க்கிறவரைக் கேளுங்கள்.

அழகன்குளத்தில் கண்ணுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை, இதைத் தெரிந்துகொண்டே போங்கள். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ஆனால் கதைக்கு நேர் எதிரான சாட்சி இந்த மேடு. வைகை முகத்துவாரத்தை ஒட்டிய பழைய துறைமுகம் இது. 1980-களிலிருந்து 2017 வரை விட்டு விட்டு நடந்த தொல்லியல் துறை அகழாய்வில் ரோமானியக் காசுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் கீறிய ஒரு பானை ஓடு எல்லாம் கிடைத்தன. ஆறு கடலை ஒதுக்கியிருந்தால் இந்த வாசலில் கப்பலுக்கு என்ன வேலை? வண்டியை இங்கே ஐந்து நிமிஷம் நிறுத்தினால் போதும். மிச்ச நேரத்தை ராமநாதபுரம் ஊருக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குக் கொடுங்கள். தொல்லியல் துறை அருங்காட்சியகம் அங்கேதான், சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்களும் உண்டு. விடுமுறை நாளை மட்டும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முகத்துவாரத்தில்தான் ஏமாற்று அதிகம். சிலர் நேரே அரியமான் கடற்கரையில் இறக்கிவிட்டு "இதுதான் கடைசி" என்பார்கள். அது குளிக்கிற கடற்கரை, ஆற்றுவாய் இல்லை. "ஆற்றங்கரை ஊருக்குள் போய் வாய்ப்பக்கம்" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். கடைசித் துண்டு மணல். கார் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இறங்கும், மேலே வராது. டயர் காற்றை இருபதுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தடியில் பனைமட்டை வைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அதைவிட, தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடப்பது உத்தமம். ரப்பர் செருப்பு வேண்டாம், சீமைக்கருவேல முள் அடிப்பாகத்தைத் துளைத்து வரும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி. நிழல் இல்லை, கடையை நம்பிப் போகாதீர்கள்.

டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம்தான் பார்க்கத் தக்க காலம். வடகிழக்கு மழை நன்றாகப் பெய்து கலுங்கு பாய்ந்த வருஷமானால் செம்மண் நிறத் தண்ணீர் பச்சைக் கடலுக்குள் நாக்கு நீட்டுவது தெரியும்.  அந்த நாளில் ஓட்டுநர் சாபக் கதையை எடுத்தால் சிரிப்புத்தான் வரும். ஏப்ரல், மே மாதத்தில் போனால் வாயில் மணல்திட்டு, உள்ளே உப்புப் பூத்த சேறு, வளைக்கு வெளியே ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் சின்ன நண்டுகள். கதைக்கு அதுதான் பொருத்தமான காட்சி என்பவர்களும் உண்டு. வெயிலுக்குப் பயப்படாதவர்கள் போகலாம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பத்துக்குள் முகத்துவாரத்தை முடித்துவிடலாம்.

கூலி விஷயம்: ராமநாதபுரத்திலிருந்து போக வர 60 கிலோமீட்டருக்குள் அடங்கும் சுற்று இது. கிலோமீட்டர் கணக்கா, மொத்தமா என்பதை ஏறுமுன் பேசுங்கள். வெயிட்டிங் சார்ஜ் தனியா என்று கேட்காமல் விட்டால் கண்மாய்க் கரையில் நீங்கள் கேட்ட அந்த ஒரு மணி நேரம்தான் பில்லில் ஏறும். மதுரையிலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இந்தச் சுற்றே தேவையில்லை. வருகிற வழியில் பார்த்திபனூர் மதகில் இறங்கி, இரண்டு பக்கமும் பிரியும் வாய்க்கால்களைப் பார்த்துவிட்டுப் பெரிய கண்மாய்க்கு வந்தால், வண்டிக்காரர் சொல்வதைவிடக் கூடவே தெரிந்துகொள்வீர்கள்.