மண்டபத்தில் அறிக்கை எழுதப் பழக்கும் வகுப்பு: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்காகக் கடலோர ஊரான மண்டபத்தில் வார இறுதி நாட்களில் நடைபெறும் அறிக்கை எழுத்துப் பயிற்சிக்கு எங்கள் விலங்கியல் துறை மாணவர்களை இந்த ஆண்டு அனுப்பி வைத்தேன். பெரும்பாலான அமர்வுகளில் நானும் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தேன். ஆய்வக அறிக்கை, களப்பயண அறிக்கை, இறுதிப் பருவத் திட்ட அறிக்கை ஆகிய மூன்றையும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் ஊறிப் போயிருப்பதால், இத்தகைய பயிற்சி தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை.

பயிற்சியாளர் வரையறைகளோடு தொடங்கவில்லை. கரை ஒதுங்கிய ஒரு பேராமையின் படங்கள், ஓட்டின் நீள அகலம், அன்றைய காற்று நிலவரம், முதலில் பார்த்த நாட்டுப்படகு மீனவர் சொன்ன விவரம் ஆகியவற்றை எல்லாருக்கும் கொடுத்து, அவற்றை வைத்தே வனச்சரகருக்கு ஒரு நிகழ்வு அறிக்கை, துறைக்கு ஒரு கள ஆய்வு அறிக்கை, நிதி வழங்கும் அமைப்புக்கு ஒரு மாத முன்னேற்ற அறிக்கை, ஊராட்சிக்கு ஒரு பரிந்துரை அறிக்கை என நான்கை எழுதச் சொன்னார். யார் படிக்கப் போகிறார், படித்துவிட்டு என்ன செய்யப் போகிறார் என்பதுதான் அறிக்கையின் வகையைத் தீர்மானிக்கிறது என்பதை மாணவர்கள் கேட்டு அறியாமல் எழுதி அறிந்தார்கள்.

நிகழ்வு அறிக்கைக்கு அவர் செலவிட்ட நேரமே இந்த வகுப்பின் சிறந்த பகுதி என்பேன். கடலாமைகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ளவை. எனவே எந்த இடம், எந்த நேரம், முதலில் கண்டவர் யார், உடல் எந்த நிலையில் இருந்தது, யாருக்குத் தகவல் சொல்லப்பட்டது என்பவையே வனச்சரகருக்கு முதலில் வேண்டும். மாணவர்களில் பலர் இரண்டாவது வரியிலேயே "நெகிழிப் பையை விழுங்கி இறந்துவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரிகளை அடித்துவிட்டு, "இது நீங்கள் கண்டதா, கருதியதா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். இறப்புக்கான காரணத்தை உடற்கூறாய்வு செய்யும் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முன்கூட்டியே எழுதப்பட்ட ஊகம் பிறகு கோப்பில் உண்மையாக நிலைத்துவிடும் என்று அவர் விளக்கியது எனக்கும் ஆழமாகப் பதிந்தது.

ஆய்வறிக்கைக்குரிய முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற அமைப்பைப் பவளப்பாறைகளைக் கொண்டு கற்பித்தார். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகள் 2010லும் 2016லும் கடல்நீர் வெப்பம் மிகுந்து வெளுத்தன என்பதை இங்குள்ள மாணவர்கள் ஓரளவு அறிந்தே வருகிறார்கள். பாறையின் மேல் விரித்த அளவு நாடாவின் கீழ் வந்த பரப்பில் எவ்வளவு பகுதி வெளுத்திருந்தது என்பது முடிவுகளில் இடம்பெற வேண்டும். வெப்பமே அதற்குக் காரணமாகலாம் என்பது விவாதத்தில்தான் வர வேண்டும். வெளுத்த பவளம் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும், நீர் குளிர்ந்தால் மீளவும் கூடும் என்பதால், "வெளுத்தது", "இறந்தது" என்ற இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதுவது நடைப்பிழை அன்று, அறிவியல் பிழை என்று அவர் கண்டிப்பாகச் சொன்னது மிகவும் சரி.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதற்கு மீனவர் குறைதீர் கூட்டத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதி சுருக்கமாகவும் போதுமானதாகவும் இருந்தது.

குறை என்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வங்கிக்கும் மீன்வளத் துறைக்கும் கொடுக்கும் தொழில் திட்ட அறிக்கையைப் பற்றியது. மீன்வள மேம்பாட்டுக்காக ஒன்றிய அரசு 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளிகளுக்கான பணிகளில் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 விழுக்காடும் மானியம் உண்டு. கடற்பாசி வளர்ப்புக்கோ கூண்டு மீன் வளர்ப்புக்கோ விண்ணப்பிக்கும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, மூலதனச் செலவையும் நடைமுறைச் செலவையும் பிரித்துக் காட்டவும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு வருமானம் நின்றுபோவதைக் கணக்கில் சேர்க்கவும், கடலில் காற்று மிகும் மாதங்களில் பாசி மிதவைகள் சேதமடையும் இழப்பை மறைக்காமல் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே அமர்வின் கடைசிப் பகுதிக்குள் அடைத்து, எங்கோ உள்ள ஒரு தொழிற்சாலையின் மாதிரிப் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பியது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

இன்னொன்று, கொடுக்கப்பட்ட கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஆய்விதழுக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால் ஊராட்சிக்கும் சங்கத்துக்கும் தமிழில் எழுத வேண்டிய பரிந்துரை அறிக்கைக்கு ஒரு தமிழ் மாதிரிகூட இல்லை. வகுப்பில் பயிற்சியாளர் தெளிவான தமிழில்தான் விளக்கினார் என்பதால், அவரே அதை எளிதாக எழுதித் தந்திருக்க முடியும்.

மாணவர்களின் வரைவுகளை ஓரக்குறிப்புகளோடு திருத்தித் திருப்பிக் கொடுக்கிறார்கள், திருத்திய வரைவை மீண்டும் வாங்கிப் பார்க்கிறார்கள். கட்டணத்துக்கு இது ஒன்றே போதுமான ஈடு. அனுப்ப நினைக்கும் ஆசிரியர்கள் மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்காமல் இரண்டாம் ஆண்டிலேயே, முதல் களப்பயணத்துக்கு முன்பே, மாணவர்களைச் சேர்த்துவிட்டால் நல்லது. திட்ட அறிக்கைக்கான வரவு செலவுப் பகுதியை மட்டும் கல்லூரியின் வணிகவியல் துறையினரைக் கொண்டு தனியாகக் கற்பித்துவிடலாம்.