ஒரு டார்ச் லைட், ஒரு குட்டிப் பயனாளர்: ஒரு வருடத்துக்கு மேலான அனுபவம்

கையடக்கமான பிளாஸ்டிக் டார்ச். சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ பேட்டரி இரண்டு, முன்னால் சின்ன எல்.இ.டி., பக்கவாட்டில் தள்ளுகிற சுவிட்ச். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அலமாரியில் போட்டு வைத்திருந்தோம். மகளுக்கு ஒன்றரை வயதானபோது அவள் கைக்குப் போனது. இப்போது மூன்றை நெருங்குகிறாள், டார்ச் இன்னும் எங்களிடம் திரும்பி வரவில்லை. இத்தனை நாள் அவள் அதைப் பாடாய்ப் படுத்தியதைப் பார்த்த பிறகு, சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் கிடையாது என்றே சொல்வேன். ஆனால் எந்த டார்ச் என்பது முக்கியம்.

காலையில் கண் திறப்பதற்கு முன்பே அவள் கை தலையணைக்கு அடியில் போய்விடும். எழுந்ததும் முதல் வேலை ரோந்து. செருப்புகளுக்குள், சோபாவுக்கு அடியில், துணி துவைக்கும் மெஷினுக்குள் எல்லாம் ஒரு தடவை அடித்துப் பார்த்தாக வேண்டும். தாத்தா கொட்டாவி விட்டால் போதும், ஓடிப்போய் வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல தாத்தா" என்பாள். அவரும் சளைக்காமல் "நல்லாப் பாரும்மா" என்று இன்னும் அகலமாகத் திறந்து காட்டுவார். குளிக்கப் போகும்போது அதற்கும் ஒரு சின்னத் துண்டு. தூங்கும்போது அதற்கும் ஒரு போர்வை.

நான் மறக்கவே முடியாத விஷயம் அவளுடைய இருட்டு வேட்டை. இருட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். துணி அலமாரியைத் திறந்து டார்ச்சை அடிப்பாள். இருட்டு இருக்காது. "அம்மா, ஓடிப்போச்சு!" உடனே கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் மூச்சுக்கூட விடாமல் நின்று, படாரென்று திறந்து அடிப்பாள். மறுபடியும் ஓடிப்போயிருக்கும். பல நாள் இதே கதைதான். பிறகு ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சை அணைத்தாள். கதவை விரல் அளவு மட்டும் திறந்து, ஒரு கண்ணால் உள்ளே பார்த்தாள். "இருக்கு!" என்று கிசுகிசுத்தாள். வெளிச்சம் இல்லாமல் போனால்தான் இருட்டைப் பார்க்க முடியும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

வெயில் நேரத்தில் டார்ச் எரிவது கண்ணுக்குத் தெரியாதபோது, உள்ளங்கையை அதன் மேல் வைத்து மூடிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கை சிவப்பாக ஒளிரும். ரத்தம் பச்சை, நீல ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது, சிவப்பு மட்டும் ஓரளவுக்கு ஊடுருவி வெளியே வருகிறது. அவளைப் பொறுத்தவரை கைக்குள்ளேயும் ஒரு லைட் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் கையிலும் லைட் இருக்கிறதா என்று சோதிக்காமல் விடுவதில்லை.

சரி, பொருளின் தரத்துக்கு வருவோம். தள்ளும் சுவிட்ச் ஒன்றரை வயது விரலுக்கு மிக வசதி. பின்பக்கம் ரப்பர் பொத்தான் உள்ள டார்ச்சை அவளால் அழுத்தவே முடியவில்லை. இத்தனைக்குப் பிறகு இந்த சுவிட்ச் கொஞ்சம் லூசாகிவிட்டது, தட்டினால்தான் எரிகிறது. முன்பக்கக் கண்ணாடி பிளாஸ்டிக் என்பதால் கீறல் நிறைய, ஆனால் எத்தனை தடவை விழுந்தும் உடையவில்லை. இரவெல்லாம் போர்வைக்குள் எரிந்துகொண்டே இருப்பதால் பேட்டரி சீக்கிரம் தீரும், அதனால் ரீசார்ஜ் செய்யும் பேட்டரிக்கு மாறிவிட்டோம். முன்பு ஒருமுறை சாதாரண ஆல்கலைன் பேட்டரி கசிந்து, உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், தோலை அரிக்கும். கையுறை போட்டு, பஞ்சில் வினிகர் நனைத்துத் துடைத்ததும் சரியானது. பழைய பேட்டரியும் புதியதும் கலந்து போடாமல் இருந்தால் கசியும் வாய்ப்பு குறையும்.

சுவிட்ச் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் அதே மாடல், அதே நிறத்தில் இன்னொன்று வாங்கினோம். எரிய வைத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் தன் பல் தடம் இல்லை என்றதும் "இது என்னுது இல்ல" என்று கீழே வைத்துவிட்டாள். உளவியலாளர்கள் புரூஸ் ஹூட், பால் புளூம் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம், உள்ளே வைக்கும் பொருளைப் போலவே இன்னொன்றைச் செய்து தருவதாக நம்பவைத்த ஒரு 'நகலெடுக்கும் பெட்டி'யைக் காட்டினார்கள். கூடவே வைத்துத் தூங்கும் பொருளை அதற்குள் வைக்கவே சிலர் சம்மதிக்கவில்லை. வைத்தவர்களில் பெரும்பாலோர் பழையதுதான் வேண்டும் என்றார்கள். பழையதையே தட்டித் தட்டி எரிய வைக்கும் என் மகளைப் பார்த்தால் எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

இப்படி ஒரே பொருளில் கிடப்பது சரிதானா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவர் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, சின்னக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த மாதிரி தீவிர ஆர்வம் ஏதாவது ஒன்றின் மேல் இருக்கிறது. பெயர் சொன்னால் திரும்புகிறாளா, தான் கண்டதைக் காட்ட நம் கையைப் பிடித்து இழுக்கிறாளா, கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாளா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதெல்லாம் இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் பேசுவது நல்லது. எங்கள் வீட்டில் இழுத்த இழுப்பில் எல்லோருக்கும் தோள் வலி.

வாங்குகிறவர்கள் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பட்டன் பேட்டரி போட்ட சாவிக்கொத்து டார்ச்சைக் குழந்தை கையில் தரவே கூடாது. அந்தப் பேட்டரியை விழுங்கினால் தொண்டையில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கும்படி இருக்கட்டும், கையால் திருகித் திறப்பது வேண்டாம். வெளிச்சமும் மங்கலாகவே இருக்கட்டும். குழந்தை முதலில் அடித்துப் பார்ப்பது தன் கண்ணுக்குள்தான். வேட்டைக்குப் போகிற டார்ச் மாதிரி கூசுகிறதை வாங்காதீர்கள்.